இன்ச் மரை பைக்: பழைய மரையைக் காப்பதா, மெட்ரிக்குக்கு மாற்றுவதா?

1960-களின் ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற ஒரு பைக்கைப் பிரிக்க உட்காருகிறவருக்கு இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும். பெட்டியில் இருக்கிற 11, 13, 15 ஸ்பேனர்கள் நுழையாது. அடுத்த அளவை எடுத்தால் ஆடும். தொலைந்த நட்டுக்குப் பதிலாக எடுத்த எம் 8 (8 மி.மீ. மெட்ரிக்) நட்டு ஒரு சுற்று முடிவதற்குள் இறுகிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து யாராவது, "பேசாம எல்லாத்தையும் மெட்ரிக்குக்கு மாத்திடு, தலைவலி விட்டுச்சு" என்பார்.

விடாது. பாதி இடங்களில் கூடும்.

இருக்கிற வழிகள் நான்கு. பைக்கில் உள்ள மரையையே வைத்துக்கொண்டு அதற்குரிய போல்ட், நட்டுகளைத் தேடி வாங்குவது ஒன்று. யு.என்.எஃப்., யு.என்.சி. என்ற பொது இன்ச் மரைக்குப் போவது இன்னொன்று. மூன்றாவது மெட்ரிக். நான்காவது, மரை அறுந்த துளையில் இன்சர்ட் (உள்ளே மரை உள்ள எஃகுச் செருகல்) போட்டுப் பழைய அளவையே மீட்பது. பைக் முழுவதற்கும் சேர்த்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதில்தான் சிக்கலே. இரண்டு இரும்புத் தகடுகளை ஊடுருவிப் போய் மறுபக்கம் நட்டு பிடிக்கும் போல்ட்டுக்கு ஒரு பதில். எஞ்சினின் அலுமினிய அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும் ஸ்டட்டுக்கு (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள தண்டு) முற்றிலும் வேறு பதில். துளைக்குத் துளை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன், கையில் இருப்பது எந்த மரை என்று தெரிந்தாக வேண்டும்.

யாருடைய மரை எது

ஒரு மரையைச் சரியாகச் சொல்ல மூன்று எண்கள் தேவை: வெளிவிட்டம், ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை, மரையின் இரு சரிவுகளுக்கும் நடுவிலுள்ள கோணம். போல்ட்டின் தலை அளவு இந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது தலையைத்தான்.

மூத்தது விட்வொர்த். ஜோசஃப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்தது, பி.எஸ்.டபிள்யூ. என்று குறிப்பார்கள். கோணம் 55 டிகிரி, மரையின் முகடும் அடியும் உருண்டையாக இருக்கும். பெருமரை, அதாவது மரைகள் விலகி நிற்கும். அதே வடிவத்தைச் சிறுமரையாக்கியது 1908 வாக்கில் வந்த பி.எஸ்.எஃப்.

பைக்காரர்களை அதிகம் குழப்புவது சி.இ.ஐ. மரை. பிற்பாடு பி.எஸ்.சி. என்றும் சைக்கிள் மரை என்றும் பெயர் வந்தது. பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு எல்லாமே சைக்கிள் செய்துகொண்டிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்தவை. சைக்கிளுக்காக வகுத்த மரையையும் கூடவே கொண்டுவந்துவிட்டன. கோணம் 60 டிகிரி. கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச் வரை பெரும்பாலும் இன்ச்சுக்கு 26 மரை. விட்டம் ஏறினாலும் மரையின் நெருக்கம் பெரும்பாலும் மாறாது என்பதுதான் இதன் அடையாளம். இரும்பில் இது அருமையான மரை: நெருக்கமாக இருப்பதால் அதிர்வில் சுலபமாகக் கழலாது, செயின் டென்ஷன் போன்ற இடங்களில் நுணுக்கமாக அட்ஜஸ்ட் செய்யலாம். அலுமினியத்துக்கு ஆகாது. மெல்லிய மரை மென்மையான உலோகத்தில் வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் அந்தக் கால பைக்குகளில் பல ஸ்டட்களுக்கு ஒரு முனை விட்வொர்த், மறு முனை சி.இ.ஐ. அல்லது பி.எஸ்.எஃப். பெருமரை அலுமினியத்துக்குள் இறங்கும், சிறுமரையில் இரும்பு நட்டு ஏறும். வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் பெருமரையான யு.என்.சி., சிறுமரையான யு.என்.எஃப். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போல்ட் பிரிட்டிஷ் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல் ஒத்துக்கொண்ட பொது மரை. கோணம் 60 டிகிரி. பிரிட்டிஷ் பைக் கம்பெனிகள் உடனே மாறிவிடவில்லை. ட்ரையம்ஃபும் பி.எஸ்.ஏ.வும் 1960-களின் கடைசியில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. அதனால் 1968 முதல் 1971 வரையிலான பைக்குகளில் ஒரே எஞ்சினில் இரண்டு, மூன்று வம்சங்கள் கலந்து கிடக்கும். வருஷத்தை வைத்து மரையை ஊகிப்பது இந்தக் காலகட்ட பைக்குகளில் எடுபடாது. ஹார்லி-டேவிட்சனின் பெரிய வி-ட்வின்கள் யு.என்.சி., யு.என்.எஃப். வம்சம், ஆனால் ஜப்பானிய ஃபோர்க், கார்புரேட்டர் வந்த இடங்களில் மெட்ரிக் நுழைந்திருக்கும்.

எண்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் எங்கே என்று தெரியும். விட்டத்தை அடுத்து வருவது இன்ச்சுக்கு எத்தனை மரை என்பது:

1/4 இன்ச் (6.35 மி.மீ.): விட்வொர்த் 20, பி.எஸ்.எஃப். 26, சி.இ.ஐ. 26, யு.என்.சி. 20, யு.என்.எஃப். 28
5/16 இன்ச் (7.94 மி.மீ.): விட்வொர்த் 18, பி.எஸ்.எஃப். 22, சி.இ.ஐ. 26, யு.என்.சி. 18, யு.என்.எஃப். 24
3/8 இன்ச் (9.53 மி.மீ.): விட்வொர்த் 16, பி.எஸ்.எஃப். 20, சி.இ.ஐ. 26, யு.என்.சி. 16, யு.என்.எஃப். 24
7/16 இன்ச் (11.11 மி.மீ.): விட்வொர்த் 14, பி.எஸ்.எஃப். 18, சி.இ.ஐ. 26 அல்லது 20, யு.என்.சி. 14, யு.என்.எஃப். 20
1/2 இன்ச் (12.70 மி.மீ.): விட்வொர்த் 12, பி.எஸ்.எஃப். 16, சி.இ.ஐ. 26 அல்லது 20, யு.என்.சி. 13, யு.என்.எஃப். 20

நூல் கணக்கில் பேசிப் பழகியவர்களுக்கு: 1/4 இரண்டு நூல், 5/16 இரண்டரை, 3/8 மூன்று, 1/2 நான்கு.

இவை போக இரண்டு சில்லறை வம்சங்கள் உண்டு. மேக்னெட்டோ, சுவிட்ச், லூகாஸ் மின்சாமான்களில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் பி.ஏ. மரை, 47.5 டிகிரி, எண் ஏற ஏற அளவு குறையும். 0 பி.ஏ. சரியாக 6 மி.மீ., 2 பி.ஏ. 4.7 மி.மீ., 4 பி.ஏ. 3.6 மி.மீ. பெட்ரோல் டேப் மாதிரி இடங்களில் பி.எஸ்.பி. என்ற பைப் மரை. இதில் 1/4 என்று பெயர் இருந்தாலும் வெளிவிட்டம் 13 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஏனென்றால் அந்த 1/4 குழாயின் உள்துளையைக் குறிக்கப் போட்ட பெயர். ஸ்பார்க் பிளக் மட்டும் எந்த நாட்டு பைக்கிலும் மெட்ரிக்தான், பெரும்பாலும் 14×1.25 (விட்டம் 14 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச், 1.25 மி.மீ.).

அளந்து பார்த்தாலும் ஏமாற்றும் இடங்கள்

வெர்னியர் காலிப்பர் ஒன்று, 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் தனித்தனி மரை கேஜ். இவ்வளவு இருந்தால் போதும். ஆனால் வெர்னியர் தனியாக எதையும் முடிவு செய்யாது. 5/16 போல்ட்டை அளந்தால் 7.8-லிருந்து 7.9 வரை காட்டும். எம் 8 போல்ட்டும் அங்கேயேதான் காட்டும். பிட்ச் பார்த்தால்தான் தெரியும். கேஜ் இல்லையென்றால், என்ன மரை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து, இரண்டின் மரையையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். நான்கைந்து மரை தாண்டியும் வெளிச்சம் தெரியாவிட்டால் ஒரே பிட்ச்.

உடனே மாட்டிக்கொள்ளும் தவறு பெரிய ஆபத்தில்லை. 1/4-26 போல்ட்டில் 1/4-28 நட்டைப் போட்டால் இரண்டு மூன்று சுற்றில் இறுகிவிடும். கை சொல்லிவிடும், நிறுத்திவிடுவீர்கள். ஆபத்தானது, சரியாகப் போவது போலவே போகும் தவறு. 5/16 சி.இ.ஐ. போல்ட்டின் பிட்ச்சை மெட்ரிக்கில் சொன்னால் 0.977 மி.மீ. எம் 8×1.0 சிறுமரை நட்டு அதில் கடைசி வரை சுகமாக ஏறிவிடும். விட்டத்தில் 0.06 மி.மீ. வித்தியாசம், பிட்ச்சில் 0.023. கைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுமை எல்லா மரையிலும் பரவாமல் ஓரிரண்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

இதைவிட மோசம் கால் இன்ச் துளையில் எம் 6 போல்ட். 1/4-26 துளையில் எம் 6×1.0 தடையே இல்லாமல் இறங்கும். 0.35 மி.மீ. மெலிந்த போல்ட் என்பதால் மரையின் நுனிகள் மட்டும்தான் கவ்வியிருக்கும். லேசாக இறுக்கும்போது நன்றாகவே இருக்கும். கடைசிக் கால் சுற்றில் வழுக்கும். அதற்குள் துளையின் மரையும் போயிருக்கும். முந்தைய உரிமையாளர் யாரோ செய்துவிட்டுப் போன இந்த வேலையைப் பழைய பைக்குகளில் அடிக்கடி பார்க்கலாம்.

சில பொருத்தங்கள் கெடுதலில்லை. 1/4 பி.எஸ்.எஃப்.உம் 1/4 சி.இ.ஐ.யும் இரண்டுமே 26. கோணம் 55-க்கு 60 வேறு என்றாலும் இவ்வளவு சின்ன மரையில் அது பெரிதாகக் கணக்கில்லை, ஒன்றுக்கு ஒன்று போட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். 0 பி.ஏ.யும் எம் 6-உம் அப்படித்தான், விட்டமும் பிட்ச்சும் ஒன்று, கோணம்தான் வேறு, மின்சாமான்களில் சமாளிக்கலாம்.

ஸ்பேனர் விஷயத்தில் தேர்வு கிடையாது

விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று அடித்திருந்தால், அது 1/4 இன்ச் தலையைப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. 1/4 இன்ச் தண்டு உள்ள விட்வொர்த் போல்ட்டின் தலையைப் பிடிக்கும். அதன் வாய் 0.525 இன்ச், அதாவது 13.34 மி.மீ. பி.எஸ்.எஃப். போல்ட்டுகளுக்கு அதே தண்டுக்கு ஒரு அளவு சிறிய தலை. எனவே அதே ஸ்பேனர் 5/16 பி.எஸ்.எஃப்.ஐப் பிடிக்கும். ஸ்பேனரிலேயே 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ்.எஃப். என்று இரண்டையும் அடித்திருப்பார்கள். போர்க்காலத்தில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் தலையையும் ஒரு படி குறைத்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. விளைவு: போருக்கு முந்தைய 5/16 விட்வொர்த் போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர், போருக்குப் பிந்தைய 5/16 விட்வொர்த் போல்ட்டுக்கு வேறொன்று. மரை ஒன்றேதான். தலையை வைத்து மரையைச் சொல்ல முடியாது என்றது இதனால்தான். யு.என்.எஃப். தலைகளுக்கு உள்ள ஏ.எஃப். (தலையின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே அளக்கும் அளவு) ஸ்பேனர் நேர்மையானது. 1/2 என்று போட்டிருந்தால் வாய் 1/2 இன்ச்தான்.

மெட்ரிக் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்ற முடியுமா? ஏ.எஃப். தலைகளில் ஓரளவு முடியும். 5/16-க்கு 8, 5/8-க்கு 16, 3/4-க்கு 19 நெருங்கி வரும். 1/2-க்கு 13 கொஞ்சம் தளர்வு. 9/16-க்கு ஒன்றும் கிடையாது; 14 நுழையாது, 15 ஆடும். விட்வொர்த் தலைகளில் நிலைமை இன்னும் மோசம். பைக்கில் அதிகம் வரும் மூன்று தலைகள் 3/16, 1/4, 5/16 டபிள்யூ, மி.மீ.-இல் 11.30, 13.34, 15.24. 12, 14, 16 ஸ்பேனர்கள் மூன்றிலும் அரை மில்லிக்கு மேல் ஆடும், தலையின் மூலைகளை மழித்துவிடும். 7/16 டபிள்யூ-க்கு 21 நன்றாகப் பிடிக்கும்.

ஆகவே பைக்கில் விட்வொர்த் தலை இருந்தால் விட்வொர்த் ஸ்பேனர் செட் வாங்கியே ஆக வேண்டும். 1/8 டபிள்யூ-லிருந்து 1/2 டபிள்யூ வரை ஏழு அளவுதான். ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் முதலில், திறந்த வாய் பிறகு. எந்தப் போல்ட்டை மாற்றலாம், மாற்றக் கூடாது என்று யோசிப்பதெல்லாம் இதற்கு அப்புறம். சரியான ஸ்பேனர் கையில் வந்தபின், "மாத்தியே ஆகணும்" என்று நினைத்த பல போல்ட்டுகள் இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிடும்.

இரும்பில்: ஊடுருவிப் போகும் போல்ட்டுகள்

மட்கார்டு, எஞ்சின் பிளேட், ஃபுட்ரெஸ்ட், செயின் கார்டு. இங்கெல்லாம் துளையில் மரை கிடையாது. போல்ட் போகும், மறுபக்கம் நட்டு. போல்ட்டையும் நட்டையும் ஜோடியாக மாற்றினால் பைக்கில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே பழையதைத் திரும்பப் போடலாம். மாற்றத்துக்கு ஏற்ற இடம் இதுதான்.

இந்த இடத்தில் யு.என்.எஃப்.ஐ நான் யோசிக்காமல் எடுப்பேன். தண்டின் விட்டம் அதே இன்ச் அளவு, துளையில் கச்சிதமாக உட்காரும், நல்ல தரத்தில் சுலபமாகக் கிடைக்கும். தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேட் 5, ஆறு கோடு இருந்தால் கிரேட் 8. தலை மட்டும் ஏ.எஃப். ஆகிவிடும், அது பார்வைக்குப் பழைய பைக்கின் முகத்தைக் கொஞ்சம் மாற்றும் என்று வருத்தப்படுகிறவர்கள் சி.இ.ஐ. போல்ட்டையே தேடிப் போடட்டும், அதிலும் தப்பில்லை.

மெட்ரிக் இங்கேயே தடுமாறத் தொடங்கிவிடும். 5/16-க்கு எம் 8 பரவாயில்லை, ஆனால் கச்சிதமாக ரீமர் போட்ட எஞ்சின் பிளேட் துளையில் அந்த 0.06 மி.மீ. கூட நுழைய விடாது. 1/4-க்கு எம் 6 போட்டால் ஆடும். 3/8-க்கு? 9.53 மி.மீ. துளையில் எம் 10 போகாது, எம் 8 லொடலொடவென்று இருக்கும், இடையில் எம் 9 என்று சாதாரணமாக எதுவும் கிடைக்காது. துளையைப் பெரிதாக்க வேண்டும். ஃபிரேமில் ஒருமுறை துளையைப் பெரிதாக்கினால் அதற்குத் திரும்பி வரும் வழி வெல்டிங்தான். "எல்லாத்தையும் மெட்ரிக்குக்கு மாத்திடு" என்பவர் இந்த 3/8-ஐ யோசித்திருக்க மாட்டார்.

சக்கர அச்சு, பிரேக் ஆங்கர், ஃபோர்க் ஸ்டெம் இவற்றைத் தொடவே வேண்டாம். இவற்றில் மரை உள்ள பாகமே விலைமதிப்பான பாகம். அதன் மரைக்கு எந்த நட்டோ அந்த நட்டைத்தான் போட வேண்டும். அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போடுவதும் இங்கே கூடாது. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 தரத்தின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை 450. சாதாரண 8.8 இரும்புப் போல்ட்டுக்கே அவை 800-உம் 640-உம். வேறு இடங்களில் ஸ்டெயின்லெஸ் போட்டாலும் மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவாமல் போடக் கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் ஏறினால் உராய்வில் ஒட்டிக்கொண்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அலுமினியத்தில்: துளைக்குள் மரை

கிராங்க்கேஸ், கியர்பாக்ஸ், டைமிங் கவர், சிலிண்டர் ஹெட். பணமும் வேலையும் போவது இங்கேதான்.

மரை நன்றாக இருக்கிறது, ஆனால் அழுக்கு என்றால், அதே அளவு டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எடுத்துக் கையால் மெல்ல ஓட்டிச் சுத்தம் செய்தால் போதும். புது டேப்பின் கூர்மை கொஞ்சம் உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய, கூர் மழுங்கிய டேப் நல்லது. உருப்படியான போல்ட் ஒன்றில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து அதையே ஓட்டினால் இன்னும் நல்லது.

போல்ட் மட்டும் தொலைந்திருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. 1/4, 5/16, 3/8, 7/16 நான்கிலும் விட்வொர்த்தும் யு.என்.சி.யும் இன்ச்சுக்கு ஒரே எண்ணிக்கை மரை. யு.என்.சி. போல்ட் விட்வொர்த் துளையில் இறங்கும். கோணம் 5 டிகிரி வேறு என்பதால் சரிவு முழுதாக உட்காராது, மெல்லிய ஒரு கோட்டில்தான் சுமை நிற்கும். டைமிங் கவர், ராக்கர் கவர் மூடிக்கு இது ஓடும். அவசரத்துக்குத் தாராளமாகப் போடலாம். சிலிண்டர் பேஸ் ஸ்டட், எஞ்சின் மவுன்ட்டுக்கு வேண்டாம். 1/2-க்கு இந்த வழியே கிடையாது, 12-உம் 13-உம் சேராது.

மரை அறுந்துவிட்டால்தான் நிஜமான தேர்வு. 5/16-18 விட்வொர்த் துளையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் அறுவது அதுதான். முதலில் தோன்றுவது, "8 மி.மீ.தானே, எம் 8 டேப் ஓட்டிடலாம்". ஓட்டக் கூடாது. பழைய மரை 7.94 மி.மீ. வரை ஏற்கெனவே வெட்டியிருக்கிறது, 1.41 மி.மீ. பிட்ச்சில். எம் 8 டேப் அதே ஆழத்தில் 1.25 பிட்ச்சில் குறுக்கே வெட்டும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்று, நடுவில் அங்கங்கே துணுக்குகள்தான் மிஞ்சும். புது மரைக்குப் புது உலோகம் வேண்டும் என்றால் 8.5 மி.மீ. டிரில் போட்டு எம் 10-க்குப் போக வேண்டும். அதற்குத் துளையைச் சுற்றி உலோகம் இருக்கிறதா? கிராங்க்கேஸ் விளிம்புகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கவரின் துளையையும் பெரிதாக்கியாக வேண்டும், பக்கத்துப் போல்ட்டுகள் எல்லாம் 5/16 ஆக இருக்க இது மட்டும் எம் 10 ஆக நிற்கும்.

அதே போல 3/8 யு.என்.சி.க்கு ஏறுவது கொஞ்சம் சிக்கனம். அதன் டேப்பிங் டிரில் 5/16 இன்ச்தான், பழைய மரையை அப்படியே துடைத்துவிட்டுப் புது மரை வெட்டும். ஒரு முனை 3/8, மறு முனை 5/16 என்று படி வைத்த ஸ்டட் கடைந்து போட்டால் கவரையோ பேஸ் ஃபிளேஞ்சையோ தொட வேண்டியதில்லை. லேத் இருக்கிறவருக்கு நல்ல வழி. கால் இன்ச் துளையிலிருந்து எம் 8-க்குப் போவதும் கணக்கில் சுத்தம்தான், 6.8 மி.மீ. டிரில் பழைய 6.35-ஐ முழுக்க எடுத்துவிடும். ஆனால் அங்கேயும் சுவர் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் பார்த்தபின் என் வாக்கு இன்சர்ட்டுக்கு. கம்பிச் சுருள் இன்சர்ட் விட்வொர்த்திலும் பி.எஸ்.எஃப்.இலும் யு.என்.சி.யிலும் கிடைக்கிறது. துளை கொஞ்சம்தான் பெரிதாகும், வேலை முடிந்தபின் பழைய 5/16-18 போல்ட்டே திரும்பப் போகும். அலுமினியத்தில் வெட்டிய முதல் மரையைவிட இது அதிக நாள் உழைக்கும், ஏனென்றால் போல்ட் இப்போது எஃகில் தேய்கிறது, அலுமினியத்தில் வெளிப்பக்கப் பெரிய மரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கிட்டோடு வருகிற டேப் அதற்கென்றே உள்ள தனி அளவு. சாதாரண டேப்பைப் போட்டு ஏமாறக் கூடாது. டிரில் செங்குத்தாக இறங்க வேண்டும், முடிந்தால் டிரில் பிரஸ்ஸில். சுருளின் முதல் சுற்று மேற்பரப்புக்கு அரைச் சுற்றுக் கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ்கெட் முகத்தில் தூக்கிக்கொண்டு எண்ணெய் கசியும். அடியில் உள்ள வாலை உடைத்தால் அதை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கிராங்க்கேஸுக்குள் விழுந்தால் அப்புறம் எஞ்சின் முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற இடங்களுக்கு, ஸ்பார்க் பிளக் துளை போல, கம்பிச் சுருளைவிடக் கெட்டியான புஷ் வகை இன்சர்ட் மேல். அதற்குத் துளை இன்னும் பெரிதாக வேண்டும் என்பதுதான் குறை. துளையின் சுவரே உடைந்திருந்தால் இன்சர்ட்டால் ஆகாது. வெல்டிங் நிரப்பி, முகத்தைக் கடைந்து, புதிதாக டிரில் போட்டு பழைய மரையை வெட்டுவதுதான். அது நல்ல அலுமினிய வெல்டர் கையில் விட வேண்டிய வேலை.

மெட்ரிக் எப்போது சரி

ஒரேயடியாக ஒதுக்கவில்லை. இதற்கு முன்பே யாராவது எம் 10 வரை போய்விட்ட துளையில் திரும்ப இன்ச்சுக்கு வருவதற்காக இன்னும் உலோகத்தை எடுப்பது வீண், மெட்ரிக்காகவே விடலாம். புதிதாகச் சேர்க்கிற ஜப்பானிய கார்புரேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், இண்டிகேட்டர் எல்லாம் மெட்ரிக்காகவே வரும், அவற்றின் போல்ட்டும் மெட்ரிக்காக இருப்பதுதான் முறை. நம்பர் பிளேட், டூல் பாக்ஸ் மூடி பற்றிச் சொல்லவே வேண்டாம், எது கிடைக்கிறதோ போடுங்கள்.

ஆனால் மாற்றிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். எம் 8 ஸ்டட்டின் நுனியில் ஒரு சொட்டு பெயின்ட், சர்வீஸ் நோட்டில் ஒரு வரி. ஐந்து வருஷம் கழித்து யாரோ ஒருவர், அது நீங்களாகவே இருக்கலாம், பக்கத்தில் எல்லாம் 5/16-26 இருக்கிறதே என்று அந்த நட்டையே இதிலும் வலுக்கட்டாயமாக ஏற்றுவார். முழுக்க இன்ச் பைக்கும் பிரச்சினையில்லை, முழுக்க மெட்ரிக் பைக்கும் பிரச்சினையில்லை. எது எது என்று எழுதி வைக்காத கலவைதான் பைக்கைக் கெடுக்கிறது.

டேப், டை வாங்கும் வரிசை

பெரிய செட்டாக வாங்கிப் பாதியைத் துரு பிடிக்க விடுவதைவிட அளவு பார்த்து வாங்குவது மேல். 1960-களின் நடுவரையிலான பிரிட்டிஷ் பைக் என்றால் முதலில் 1/4-26, 5/16-26, 3/8-26 மூன்றுக்கும் டேப்பும், தண்டில் மரை வெட்டும் டையும். அடுத்து அலுமினியத்துக்கு 1/4-20, 5/16-18, 3/8-16 விட்வொர்த் டேப் மட்டும். பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டும் இந்த வம்சம்தான், இதே பட்டியல் அதற்கும் ஓரளவு சரிவரும். 1970-களின் ட்ரையம்ஃப் என்றால் 1/4-28, 5/16-24, 3/8-24 யு.என்.எஃப்.உம், அலுமினியத்துக்கு 1/4, 5/16, 3/8 யு.என்.சி.யும். ஹார்லிக்கு யு.என்.சி. முதலில், யு.என்.எஃப். பிறகு. மின்சாமான்களுக்கு 2 பி.ஏ., 4 பி.ஏ. இரண்டே போதும். 7/16, 1/2, 9/16 சி.இ.ஐ. அளவுகளில் 26-ஆ 20-ஆ என்பது பைக்குக்குப் பைக் மாறும். கழற்றிய பாகத்தைக் கேஜில் பார்த்தபிறகு அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள்.